ஊட்டி வேணாம், ஊத்துக்கோட்டை போதும்

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். கையில ஒரு நாள் லீவு, காரோ பைக்கோ இருக்கு, காலைல கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும், ஆனா போற வழியில மலை, ஏரி, பாறைன்னு கண்ணு நிறைய பார்க்கணும், எங்க போகலாம்? இந்த விஷயத்துல எனக்கு ஆசை ஜாஸ்தி. அப்பாவுக்கு திருவள்ளூர்ல வேலை, நான் வளர்ந்ததே அந்தப் பக்கம்தான், ஸ்கூட்டர்ல முன்னாடி நின்னுட்டே பாதி ரோடு பார்த்தவ. அதனால சில பதில் நீளமா போயிடுச்சு.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் சென்னையைச் சுத்தி எல்லாம் பொட்டல், மலை பார்க்கணும்னா ஊட்டி ஏற்காடுதான்னு அடிச்சு சொல்றார். பசங்களுக்கு சனிக்கிழமையும் ஸ்கூல் இருக்கு, ஞாயிறு ஒரு நாள்தான் கிடைக்கும். அவர் சொல்றது சரியா மேடம்?
— வாசகி, பெரம்பூர்

அவர் தெற்கு பக்கமாவே போயிட்டு வந்திருப்பார்ம்மா, அதான் அப்படி சொல்றார். சென்னையில இருக்கிற நம்ம எல்லாருக்குமே வண்டியை எடுத்தா ஈசிஆர், இல்லேன்னா தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோடுன்னு பழகிப்போச்சு. நீங்க பெரம்பூர்ல இருக்கீங்க, உங்களுக்கு வடமேற்கு வாசல் பக்கத்துலயே இருக்கு. செங்குன்றம் போய், வடக்க ஆந்திரா போற ஜிஎன்டி ரோடுல ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு வந்ததும் இடது பக்கம் திரும்புங்க. பெரியபாளையம் பவானி அம்மனை ஒரு கும்பிடு போட்டுட்டு அப்படியே ஊத்துக்கோட்டை. ஆடி மாசம் ஞாயித்துக்கிழமை மட்டும் இந்த வழி வேணாம், கோயில் கூட்டத்துல ரோடே நகராது.

ஊத்துக்கோட்டை வரைக்கும் உங்க வீட்டுக்காரர் சொன்ன மாதிரி வயலும் செங்கல் சூளையுமாதான் இருக்கும், பொறுமையா இருங்க. ஊரைத் தாண்டினதும் ஆந்திரா, ரெண்டு மூணு கிலோமீட்டர்ல சுருட்டப்பள்ளி. சிவன் படுத்துட்டு இருக்கிற கோயில், ஆலகால விஷத்தைக் குடிச்ச மயக்கத்துல அம்மன் மடியில தலை வச்சு சாஞ்சிருக்கிறதா ஐதீகம். அங்க இருந்து நாகலாபுரம் போற ரோடுலதான் விஷயமே ஆரம்பிக்குது. வலது பக்கமா மலை எழும்பி வரும், முதல்ல ஏதோ மேகம் மாதிரி நீலமா தெரிஞ்சது கிட்டப் போகப் போக பச்சை ஆகி, அப்புறம் பச்சைக்கு மேல செவப்பா சுவர் மாதிரி பாறை தெரியும். அந்தப் பாறைக்கு குவார்ட்சைட்னு பேரு. ஒரு காலத்துல தண்ணிக்கடியில படிஞ்ச மணல் இறுகிக் கல்லானது, கருங்கல்லு மேல தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கு. மழையும் வெயிலும் கீழ இருக்கிறதைக் கரைச்சாலும் மேல இருக்கிற தொப்பி சீக்கிரம் கரையாது, அதனால ஓரம் நேரா செங்குத்தா உடைஞ்சு நிக்குது. காலை வெயில் சாய்வா விழும்போது வரி வரியா அடுக்கு தெரியும், பசங்களை எண்ணச் சொல்லுங்க.

நாகலாபுரத்துல வேதநாராயணர் கோயில் இருக்கு, பெருமாள் மச்ச அவதாரத்துல, இடுப்புக்கு கீழ மீனா இருப்பார். கிருஷ்ணதேவராயர் அம்மா பேரு நாகலாம்பா, அவங்க நினைவாத்தான் ஊருக்கு அந்தப் பேரு. பங்குனி பக்கம் மூணு நாள் சாயங்கால வெயில் நேரா கர்ப்பக்கிரகத்துக்குள்ள போய் சுவாமி மேல விழும், முதல் நாள் பாதத்துல, அடுத்த நாள் மார்புல, மூணாவது நாள் நெத்தியில. அந்த மூணு நாள்ல ஒரு நாள் நான் போயிருக்கேன், அத்தனை கூட்டமும் ஒரு நிமிஷம் மூச்சு விடாம நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

குட்டிப் பசங்கன்னா இங்கயே திரும்பிடுங்க, போக வர 150 கிலோமீட்டருக்குள்ள முடிஞ்சிடும், மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்ல இருக்கலாம். தெம்பு இருந்தா மேல போங்க. பிச்சாட்டூர்ல ஆரணி ஆத்து அணை, அப்புறம் கைலாசகோனா அருவி, அப்புறம் நாராயணவனம், பத்மாவதி தாயாருக்கும் சீனிவாசப் பெருமாளுக்கும் கல்யாணம் நடந்த ஊருன்னு சொல்லுவாங்க. அதைத் தாண்டி புத்தூர். கை கால் முறிஞ்சா புத்தூர் கட்டு போடுறாங்களே, அதே புத்தூர்தான். அங்க இடது பக்கம் திரும்பி நகரி வழியா திருத்தணி, திருவள்ளூர்னு வந்தா முழு வட்டம் முடிஞ்சிடும், எல்லாம் சேர்த்து சுமார் 230 கிலோமீட்டர்.

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவுல கண்ணை எடுக்காதீங்க (ஓட்டுறவர் ரோட்டைப் பார்க்கட்டும், நீங்க பாருங்க). மலை உச்சி ஒரு இடத்துல மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கும், வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே நகரி மூக்குன்னுதான் அதுக்குப் பேரு. அந்தக் காலத்துல கடல்ல கப்பல் ஓட்டிட்டு வந்தவங்களுக்கு கரை எங்க இருக்குன்னு அடையாளம் காட்டினதே இந்த மூக்குதான். திருப்பதி ட்ரெயின்ல போறப்போ எத்தனையோ தடவை இதை ஜன்னல் வழியா பார்த்திருப்போம், பேரு தெரியாமலே தாண்டிப் போயிருப்போம்.

சொந்த கார்னா ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட் இருந்தா போதும். வாடகை டாக்ஸின்னா ஆந்திரா பர்மிட் போடணும், முன்னாடியே டிரைவர்கிட்ட பேசிடுங்க. மே ஜூன்ல போனீங்கன்னா வழியெல்லாம் மாந்தோப்பு, ரோட்டோரமே கிளிமூக்கு மாங்காய் குவிச்சு வச்சு விப்பாங்க. வெயில் தாங்கணும், அவ்வளவுதான்.

கேள்வி: ஈசிஆர் போய்ப் போய் அலுத்துடுச்சு. மகாபலிபுரம் தாண்டினா பாண்டி வரைக்கும் பார்க்க ஏதாவது இருக்கா, இல்ல சும்மா வண்டி விரட்டுற ரோடுதானா?
— வாசகர், வேளச்சேரி

விரட்டுற ரோடுன்னு நினைச்சு ஓட்டுறதாலதான் அங்க அத்தனை பேர் போய்ச் சேர்றாங்க. மெதுவா போங்க சார், தயவு செஞ்சு.

கல்பாக்கம் பக்கத்துல சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரங்க கோட்டை, அதைத் தாண்டி பாலாறு கடல்ல சேர்ற இடத்துல பாலம். பாதி வருஷம் பாலாறு வெறும் மணல்தான், ஆனா அந்த மணலோட அகலத்தைப் பார்த்தாலே ஒரு காலத்துல என்ன தண்ணி ஓடியிருக்கும்னு நெஞ்சு அடைக்கும். கடப்பாக்கத்துல உள்ள திரும்பினா ஆலம்பரைக் கோட்டை. 1750ல பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்து, 1760ல இங்கிலீஷ்காரங்க இடிச்சது, அந்த இடிஞ்ச சுவர் மேல நின்னா கீழ கழிமுகம், அதுக்கு அந்தப் பக்கம் மணல் திட்டு, அதுக்கும் அந்தப் பக்கம் கடல். சாயங்காலம் நாலரைக்கு அங்க இருங்க.

மரக்காணம் உப்பளம் தனி அழகு. மழை முடிஞ்சு தண்ணி வடிஞ்சதும் பாத்தி கட்ட ஆரம்பிச்சிடுவாங்க, கோடை வந்ததும் கண்ணாடி பதிச்ச மாதிரி சதுரம் சதுரமா வானம் கீழ கிடக்கும், ஓரத்துல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். வேலை செய்றவங்க வெறுங்காலோட அந்தக் கூச்சுற வெளிச்சத்துல நாள் பூரா நிக்கிறாங்க, அவங்களை கேட்காம போட்டோ எடுக்காதீங்க, பாத்தி வரப்பு மேல செருப்போட ஏறாதீங்க. அங்கயே கழுவேலி ஏரியும் இருக்கு, 2021ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க, 2024ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் வந்துடுச்சு. குளிர் மாசத்துல தண்ணி எங்க முடியுது வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது.

கேள்வி: பைக் மட்டும்தான் இருக்கு, பெட்ரோலுக்கு பட்ஜெட் கம்மி. 100 கிலோமீட்டர்ல போயிட்டு வர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்கக்கா.
— வாசகர், அம்பத்தூர்

பூண்டி தம்பி. திருவள்ளூர் வழியா போனா உனக்கு அந்தக் கணக்குக்குள்ளயே அடங்கிடும். கொசஸ்தலை ஆத்துக்குக் குறுக்க 1944ல கட்டி முடிச்ச நீர்த்தேக்கம், சத்தியமூர்த்தி பேரு வச்சிருக்காங்க. உன் வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணி இங்க இருந்தும் வருது. ஆந்திராவுல கண்டலேறு அணையில இருந்து வர்ற கிருஷ்ணா தண்ணியும் 1996ல இருந்து ஊத்துக்கோட்டை பக்கமா கால்வாய்ல வந்து இங்கதான் சேருது. ஏரி ரொம்பியிருக்கிறப்போ கரை ஓரமா மெதுவா ஓட்டிட்டுப் போனா காத்தே வேற மாதிரி இருக்கும்.

ஆனா நான் பூண்டியைச் சொல்றதுக்குக் காரணம் வேற. அங்க பக்கத்துல அத்திரம்பாக்கம்னு ஒரு ஊரு. 1863ல ராபர்ட் புரூஸ் பூட்னு ஒரு நிலவியல் ஆள் முதல்ல நம்ம பல்லாவரத்துல ஒரு கல் கோடாரி கண்டெடுத்தார், அதே வருஷம் அத்திரம்பாக்கத்துலயும் கண்டெடுத்தார். அதுக்கப்புறம் நம்ம காலத்துல மறுபடி தோண்டி ஆராய்ச்சி செஞ்சதுல, அந்தக் கல் ஆயுதங்கள் 15 லட்சம் வருஷம் பழசா இருக்கலாம்னு 2011ல சொன்னாங்க. பூண்டியில சின்ன மியூசியம் இருக்கு, அதுல அந்தக் கல்லுங்களை வச்சிருக்காங்க, உள்ள போய் பார்த்துட்டு வெளிய வந்து ரோடு ஓரத்துல கிடக்கிற கூழாங்கல்லைப் பாரு, அதே கல்லு, அதே நிறம். அப்புறம் அந்த நிலத்தை நீ பழைய மாதிரி பார்க்க மாட்ட. குடியம் குகைன்னு ஒண்ணும் இருக்கு, அது காட்டுக்குள்ள சில கிலோமீட்டர் நடக்கிற வேலை, வனத்துறைகிட்ட கேட்டுட்டு, தெரிஞ்ச ஆளோட, நிறைய தண்ணி எடுத்துட்டுப் போகணும். தனியா போகாதே.

தை மாசம் போனா ரோட்டுல பாதியில நெல்லு காயப் போட்டிருப்பாங்க. அது மேல பைக் ஏத்தினா வழுக்கும், அவங்க சோறும் வீணாகும், ஒதுங்கிப் போ.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு. வளைவு ரோடுன்னாலே வாந்தி. ஆனா வெளிய போகணும்னு ஆசைப்படுறாங்க.
— வாசகி, தாம்பரம்

வளைவே இல்லாத ரோடு ஒண்ணு உங்களுக்குப் பக்கத்துலயே இருக்கு. செங்கல்பட்டு போங்க, கொளவாய் ஏரியைப் பார்த்துட்டு, அங்க இருந்து திருக்கழுக்குன்றம், அங்க இருந்து மகாபலிபுரம், செங்கல்பட்டுல இருந்து 30 கிலோமீட்டர் சொச்சம்தான். வழியெல்லாம் சின்னச் சின்ன குன்று, நடுவுல ஏரி, பனைமரம். திருக்கழுக்குன்றத்துல மலை மேல ஏற 500க்கு மேல படி, அம்மா ஏற வேண்டாம், கீழ தாழக்கோயில் பெருசா அமைதியா இருக்கு. சங்கு தீர்த்தக் குளக்கரையில உட்கார வச்சு மலையைப் பார்க்க விடுங்க, 12 வருஷத்துக்கு ஒரு தடவை அதுல சங்கு வரும்னு அவங்களே உங்களுக்குக் கதை சொல்லுவாங்க. முன் சீட்ல உட்கார வைங்க, ரெண்டு இட்லிக்கு மேல வேணாம், வண்டி ஓடும்போது போன்ல எதையும் காட்டாதீங்க, பார்வை தூரத்துல இருந்தாலே பாதி வாந்தி நின்னுடும்.

இந்த ரோட்டைப் பத்தி ஒரு வருத்தமும் இருக்கு, சொல்லிடுறேன். செங்கல்பட்டு சுத்துவட்டாரத்துல நான் சின்ன வயசுல முழுசா பார்த்த குன்று ஒண்ணு இப்ப பாதிதான் நிக்குது, மீதி ஜல்லியாப் போயிடுச்சு. நம்ம வீட்டு அஸ்திவாரத்துலயும் அதுல கொஞ்சம் இருக்கும். ஏரியை வெட்டினா திரும்ப ரொம்பும், குன்று திரும்ப முளைக்காது. பார்க்கிறதுக்கு இருக்கிறப்பவே பசங்களைக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க.

கேள்வி: செஞ்சி போயிருந்தோம். 9 வயசு பையன் இந்தக் கல்லையெல்லாம் யாரும்மா அடுக்கி வச்சதுன்னு கேட்டான், பதில் தெரியல.
— வாசகி, குரோம்பேட்டை

எவ்வளவு நல்ல கேள்வி! திண்டிவனத்துல இருந்து செஞ்சி போற 28 கிலோமீட்டர்ல நானும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் நினைச்சுக்குவேன், யாரோ ராட்சசன் விளையாடிட்டு அப்படியே விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும். யாரும் அடுக்கலன்னு சொல்லுங்க. அந்தக் கல்லெல்லாம் முதல்ல பூமிக்கு அடியில ஒரே பாறையா இருந்தது. அதுல குறுக்கும் நெடுக்கும் விரிசல் விழுந்து கட்டம் கட்டமா பிரிஞ்சது. விரிசல் வழியா தண்ணி இறங்கி கொஞ்சம் கொஞ்சமா அரிச்சது, கட்டத்தோட மூலை மூணு பக்கமும் அடி வாங்குறதால முதல்ல அதுதான் தேயும், அதான் எல்லாம் உருண்டையா ஆயிடுச்சு. அப்புறம் மேல இருந்த மண்ணு மழையில அடிச்சுட்டுப் போக, உள்ள இருந்த கல்லு ஒண்ணு மேல ஒண்ணு வெளிய தெரியுது. ஐஸ்கட்டியை வெயில்ல வச்சு காட்டுங்க, மூலைதான் முதல்ல கரையும், டக்குன்னு புரிஞ்சுப்பான்.

அந்தக் கல்லு மேலதான் கோட்டையே கட்டினாங்க, 1677ல சிவாஜி பிடிச்சார். 2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க, அதுல தமிழ்நாட்டுல இருந்து செஞ்சி ஒண்ணுதான். அடுத்த தடவை கோட்டையில இருக்கிற ராஜகிரி மலை ஏறுற அன்னைக்கு விடியக்காலைலயே கிளம்பிடுங்க, பத்து மணிக்கு மேல பாறை சூடு ஏறிடும்.

கேள்வி: ஒரே நாள்ல ஏலகிரியா ஜவ்வாது மலையா?
— வாசகர், போரூர்

ரெண்டுமே போக வர 400 கிலோமீட்டரைத் தாண்டும், ஒரு நாள்ல போனா ஸ்டீயரிங்கைப் பார்த்துட்டுதான் வருவீங்க. ஒரு ராத்திரி தங்க முடிஞ்சா ஜவ்வாது. போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறுற வழி, மலைக்கு அந்தப் பக்கம் காவலூர்ல 1986ல இருந்து ஓடுற 2.3 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிற வானாய்வகம், ராத்திரி இருட்டுன்னா அதுதான் இருட்டு. ஏலகிரியில 14 ஹேர்பின் வளைவு, புதுசா மலை ஓட்டப் பழகுறவங்களுக்கு நல்லா இருக்கும்.

கேள்வி: எந்த மாசம் நல்லது?
— வாசகி, அண்ணா நகர்

கார்த்திகை கடைசியில இருந்து மாசி வரைக்கும். மழை விட்டு, ஏரி ரொம்பி, புழுதி அடங்கி, தூரத்து மலை பக்கத்துல வந்து நிக்கும். புயல் எச்சரிக்கை இருக்கிற நாள்ல மட்டும் தரைப்பாலம் இருக்கிற வழி வேணவே வேணாம்.

கேள்வி: அப்பா 35 வருஷம் லாரி ஓட்டினவர். இப்ப 74. அம்மா போனதுக்கு அப்புறம் வீட்டை விட்டு வர மாட்டேங்கிறார். எங்கயாவது கூட்டிட்டுப் போகணும், எங்கன்னு தெரியல.
— வாசகர், மாதவரம்

தம்பி, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். மாதவரத்துல இருந்து லாரி ஓட்டினவர்னா ஜிஎன்டி ரோடு அவருக்கு உள்ளங்கை மாதிரி இருக்கும். எதுக்குப் போறோம்னு சொல்லாதீங்க. சூளூர்பேட்டை வரைக்கும் ஒரு எட்டு போய் வரணும்ப்பா, வழி சரியா தெரியல, கூட வாங்கன்னு மட்டும் கேளுங்க.

மார்கழியோ தையோ, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நாலரைக்கெல்லாம் கிளம்பிடுங்க. கும்மிடிப்பூண்டி, தடா தாண்டி சூளூர்பேட்டை, சுமார் 80 கிலோமீட்டர். அங்க ஊருக்குள்ள வலது பக்கம் திரும்பினா ஸ்ரீஹரிகோட்டா ரோடு, பழவேற்காடு ஏரிக்கு நடுவுலயே நேரா போகுது. ஒடிசாவுல இருக்கிற சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உவர்நீர் ஏரி அதுதான். ரெண்டு பக்கமும் தண்ணி, சில இடத்துல வெறும் சேறு, வேற ஒண்ணும் இருக்காது. சூரியன் நேரா முன்னாடி கிளம்பும், கிளம்பிட்டா கண்ணு கூசி ஓட்ட முடியாது, அதனால வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே ஏரிக்குள்ள போயிடணும். ரோடு அகலமா இருக்கிற இடமா பார்த்து ஓரம் கட்டி, இன்டிகேட்டர் போட்டு, இஞ்சினை நிறுத்திடுங்க. பூநாரைங்க கூட்டமா நிக்கும், முதல்ல வெள்ளையா தெரியும், வெயில் ஏற ஏற ரோஸ் கலர் தெரியும், பறக்கிறப்போ இறக்கைக்கு அடியில செவப்பு. சத்தம் போட்டு பறக்க விடாதீங்க, சேத்துல இறங்காதீங்க. அந்தக் கடைசியில ராக்கெட் ஏவுதளத்தோட செக்போஸ்ட், அதுக்கு முன்னாடியே திரும்பிடுங்க, திரும்புறப்போ வெயில் முதுகுக்குப் பின்னாடி இருக்கும், பறவை இன்னும் தெளிவா தெரியும்.

அவர் இடுப்புக்கு ஒரு சின்ன தலையணை வைங்க. பிளாஸ்க்ல டீ எடுத்துக்கங்க, லாரிக்காரருக்கு டீ இல்லாம ரோடு ஓடாது. திரும்பி வர்றப்போ அவர் ஏதாவது ஒரு டீக்கடையைக் காட்டி இங்க நிறுத்துன்னு சொன்னா, லேட் ஆகுதேன்னு பார்க்காம நிறுத்துங்க. போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க தம்பி, காத்துட்டு இருப்பேன்.